நிர்வாணாவின் 'விஷ்கா': கர்ட் போன பிறகு வந்த சத்தம்

கேள்வி இது: "நிர்வாணாவின் 'அன்பிளக்ட்' ஆல்பத்தைப் பலமுறை கேட்டாச்சு. கர்ட் கோபேன் இறந்து இரண்டு வருடம் கழித்து வந்த 'ஃப்ரம் த மடி பேங்க்ஸ் ஆஃப் த விஷ்கா' லைவ் ஆல்பத்தையும் கேட்டே ஆக வேண்டுமா? பழைய டேப்புகளை ஒட்டிக் காசு பார்த்த வேலைதானே அது? முழுக் கச்சேரிகளே இப்போது கிடைக்கும்போது இந்தத் தொகுப்பு எதற்கு?"

கேட்டே ஆக வேண்டும். கர்ட் பாடி, கிடார் வாசித்த அமெரிக்க ராக் பேண்ட் நிர்வாணா. அது எப்படிப்பட்ட பேண்ட் என்றே தெரியாத ஒருவர் என்னிடம் வந்தால், அவர் கையில் முதலில் 'அன்பிளக்ட்'டைக் கொடுக்க மாட்டேன். 'விஷ்கா'வைத்தான் கொடுப்பேன். காரணத்தைச் சொல்ல 'அன்பிளக்ட்'டிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும்.

1993 நவம்பர் 18. நியூயார்க்கில் சோனி மியூசிக் ஸ்டுடியோ. பேண்டுகள் அகூஸ்டிக்காக வாசிக்கும் எம்டிவி தொலைக்காட்சியின் 'அன்பிளக்ட்' நிகழ்ச்சி. மேடை முழுக்க லில்லிப் பூக்கள், கறுப்பு மெழுகுவத்திகள், மேலே ஒரு சரவிளக்கு. இந்த அலங்காரத்தைக் கேட்டு வாங்கியது கர்ட்தான். "சாவு வீடு மாதிரியா?" என்று நிகழ்ச்சித் தயாரிப்பாளர் அலெக்ஸ் கொலெட்டி கேட்க, "ஆமாம், அப்படியேதான்" என்று கர்ட் சொன்னதாக கொலெட்டியே பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஐந்து மாதம்கூட ஆகவில்லை, 1994 ஏப்ரல் 5-ம் தேதி, 27 வயதில், கர்ட் தற்கொலை செய்துகொண்டார். அந்த வருடமே நவம்பர் 1-ம் தேதி 'அன்பிளக்ட்' ஆல்பமாக வந்தது. அமெரிக்காவில் வந்த வாரமே முதலிடம். அப்புறம் கேட்க வேண்டுமா? பூ, மெழுகுவத்தி, கடைசிப் பாட்டின் கடைசி வரிக்கு முன்னால் அவர் இழுக்கும் அந்த மூச்சு, எல்லாமே முன்கூட்டி எழுதிவைத்த மரண சாசனம்போல ஆகிவிட்டது.

அற்புதமான ஆல்பம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இரவு நிர்வாணாவின் மற்ற இரவுகளைப் போன்றது அல்ல. 14 பாட்டில் 6 அடுத்தவர் பாட்டு. பேண்டின் மிகப் பெரிய ஹிட்டான 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' கிடையாது. டேவ் க்ரோல் டிரம்ஸை அடிக்காமல் தடவிக்கொடுக்கிறார். பேஸ் வாசிக்கும் கிறிஸ்ட் நோவோசெலிக் ஒரு பாட்டுக்கு அக்கார்டியன் வாசிக்கிறார். பக்கத்தில் லோரி கோல்ட்ஸ்டன் செல்லோவோடு உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு ஒருநாள் மட்டும் போட்ட வேஷம் அது. அந்த வேஷமே பேண்டின் முகமாக நிலைத்துப் போனது. நிர்வாணா என்றால் சோகம், மெழுகுவத்தி, கம்பளி கார்டிகன் என்று நினைக்கிற ஒரு தலைமுறையே உருவாகிவிட்டது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. முதலில் போட்ட திட்டமே வேறு. 1994 ஆகஸ்டில் 'வெர்ஸ் கோரஸ் வெர்ஸ்' (சரணம், பல்லவி, சரணம்) என்ற பெயரில் ஓர் இரட்டை ஆல்பம் வரும் என்று அறிவித்தார்கள். ஒரு தட்டில் 'அன்பிளக்ட்', இன்னொரு தட்டில் மின்சாரக் கிடாரோடு வாசித்த கச்சேரிகள். மெல்லியதும் உரத்ததும் அக்கம்பக்கமாக. மெதுவாக ஒரு சரணம், காது கிழிய ஒரு பல்லவி என்று பாட்டுக் கட்டிய பேண்டுக்கு அதைவிடப் பொருத்தமான அமைப்பு கிடைத்திருக்காது. கிறிஸ்ட்டும் டேவும் அந்தக் கச்சேரி டேப்புகளைக் கேட்க உட்கார்ந்தார்கள். முடியவில்லை. நண்பன் இறந்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. அவன் குரலை ஒவ்வொரு ஊராக, ஒவ்வொரு இரவாகக் கேட்டு, "இது நல்லா இருக்கு, இது வேண்டாம்" என்று தரம் பிரிக்க யாருக்கு மனசு வரும்? திட்டத்தைக் கைவிட்டார்கள். ஏற்கனவே முழுதாகத் தயாராக இருந்த 'அன்பிளக்ட்' மட்டும் கடைக்கு வந்தது.

ஆக, நமக்குக் கிடைத்தது பாதி. மீதிப் பாதி 1996 அக்டோபர் 1-ம் தேதிதான் வந்தது. அதுதான் 'விஷ்கா'. இதை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் ஆல்பமே வேறு மாதிரி கேட்கும். தனியாக ஒரு தொகுப்பு என்று பார்த்தால் சாதாரணம் என்றுகூடத் தோன்றலாம். 'அன்பிளக்ட்'டுக்கு வந்த பதில் என்று பார்த்தால் அதன் எடையே வேறு.

தொகுத்தவர் கிறிஸ்ட். டேவ் அதற்குள் ஃபூ ஃபைட்டர்ஸ் என்ற தன் புது பேண்டைத் தொடங்கி அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார். ஆல்பத்தோடு வந்த குறிப்பையும் கிறிஸ்ட்தான் எழுதினார். அதன் சாரம் இதுதான்: ஆராய்ச்சியெல்லாம் பழுப்பேறிய செய்தித்தாள் மாதிரி உதிர்ந்து போகட்டும், சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேளுங்கள், இந்த இசையில் இருந்த ஆனந்தமும் வேகமும் அப்போது தெரியும். இரண்டு வருடமாகத் தன் நண்பனின் பாட்டு வரிகளில் ஊர் உலகமெல்லாம் சாவுக்குத் தடயம் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சலித்துப்போன ஒருவரின் வேண்டுகோள் அது. ஆல்பம் முழுக்க அந்த வேண்டுகோள்தான் ஓடுகிறது.

பெயரிலும் அது இருக்கிறது. விஷ்கா, கர்ட் பிறந்த அபர்டீன் ஊரில் ஓடும் ஆறு. வாஷிங்டன் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் மரம் வெட்டிப் பிழைத்த ஊர் அது. அங்கே யங் தெருப் பாலத்தின் அடியில் தான் படுத்துத் தூங்கியதாக கர்ட் சொல்லி வந்தார். 'சம்திங் இன் த வே' பாட்டின் பின்னணிக் கதையும் அதுதான். கிறிஸ்ட் இதை ஒத்துக்கொண்டதே இல்லை. கர்ட் அங்கே போய் உட்கார்ந்திருந்தது நிஜம், ஆனால் கடல் ஏற்றத்துக்கு நீர் ஏறி இறங்கும் அந்தச் சேற்றுக் கரையில் யாரும் குடியிருக்க முடியாது என்பது அவர் கட்சி. அதே கிறிஸ்ட்தான் ஆல்பத்துக்கு அந்தச் சேற்றுக் கரையின் பெயர் வரும்படி தலைப்பு வைத்தார். புராணத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத, ஆனால் நண்பன் மேல் பிரியம் குறையாத ஒருவர்தான் இப்படிப் பெயர் வைக்க முடியும்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது?

1989 டிசம்பரிலிருந்து 1994 ஜனவரி வரை நான்கு வருடக் கச்சேரிகளிலிருந்து எடுத்தவை. மொத்தம் 17 ட்ராக், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதல் ட்ராக் பாட்டே இல்லை. லண்டன் அஸ்டோரியா அரங்கில் 1989-ல் பதிவான வெறும் சத்தமும் கத்தலும், ஒரு நிமிடம்கூட இல்லை. அது முடிந்ததும் ஆம்ஸ்டர்டாம் பரடிசோ அரங்கில் 1991 நவம்பர் 25-ல் வாசித்த 'ஸ்கூல்' வந்து இடிக்கிறது. விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய வரிகள்தான் அந்தப் பாட்டில். அதையே திரும்பத் திரும்பக் கத்துகிறார். 'அன்பிளக்ட்'டை மட்டும் கேட்டு வந்தவருக்கு இந்த நாலு நிமிடமே போதும், இது வேறு பேண்ட் என்று புரிந்துவிடும்.

ஆனால் நான் எப்போதும் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தும் இடம் 'அன்யூரிசம்'. இந்தப் பாட்டு எந்த ஸ்டுடியோ ஆல்பத்திலும் இல்லை. 'டீன் ஸ்பிரிட்' சிங்கிளின் மறுபக்கத்தில் வந்தது, பிறகு 1992-ல் 'இன்செஸ்டிசைட்' தொகுப்பில் பிபிசி வானொலிக்காக வாசித்த ஒரு வடிவம் வந்தது. பலபேர் மனதில் இந்தப் பாட்டுக்கு வீடு என்றால் அது 'விஷ்கா'தான். 1991 டிசம்பர் 28, கலிபோர்னியாவின் டெல் மார் மைதானம். ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸின் சுற்றுப்பயணத்தில் பேர்ல் ஜாமும் நிர்வாணாவும் உடன் வாசித்த நாட்கள். அவர்களின் இரண்டாவது ஆல்பமான 'நெவர்மைண்ட்' கடைக்கு வந்து மூன்று மாதம். இரண்டே வாரத்தில் அந்த ஆல்பம் மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்'ஸைத் தள்ளிவிட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போகப் போகிறது.

பாட்டின் முன்னிசையைக் கவனியுங்கள். ஒரே ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு, படிப்படியாகக் கனம் கூடுகிறது. டேவ் ஒவ்வொரு சுற்றுக்கும் இன்னும் கொஞ்சம் அழுத்தி அடிக்கிறார். இனி தாங்காது என்று தோன்றும் இடம் வரைக்கும் கொண்டுபோய், சட்டென்று எல்லாம் அறுந்து, கர்ட்டின் குரல் கிட்டத்தட்டத் தனியாக உள்ளே வருகிறது. ஸ்டுடியோ வடிவத்திலும் இதே அமைப்புதான். ஆனால் அங்கே அது அமைப்பாக மட்டும் இருக்கிறது. டெல் மாரில் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் துரத்துகிற மாதிரி இருக்கிறது. கிடார் கொஞ்சம் தடம் மாறினாலும் கிறிஸ்ட்டின் பேஸ் அசையாமல் நிற்கிறது. கர்ட் லைவில் கிடாரை அவ்வளவு சுத்தமாக வாசிப்பவர் இல்லை. பாட்டின் மெட்டு பல இடங்களில் பேஸில்தான் உயிரோடு இருக்கும். ஹெட்ஃபோன் போட்டு ஒருமுறை பேஸை மட்டும் தொடர்ந்து கேட்டுப் பாருங்கள், தொகுத்தவர் பேஸ் வாசிப்பவர் என்பது ஞாபகத்துக்கு வரும்.

'அன்யூரிசம்', 'டீன் ஸ்பிரிட்', 'சென்ட்லெஸ் அப்ரெண்டிஸ்' மூன்றும் கர்ட் பெயரில் மட்டும் இல்லாமல் மூவர் பெயரிலும் பதிவான பாட்டுகள். மூன்றும் இந்த ஆல்பத்தில் இருக்கின்றன. கிறிஸ்ட் இதை யோசித்துச் செய்தாரோ இல்லையோ, எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. 'அன்பிளக்ட்'டில் கேமரா கர்ட்டின் முகத்தை விட்டு அகலாது. இங்கே முகம் இல்லை. மூன்று பேர், பிற்பகுதியில் நான்கு பேர், சேர்ந்து போடும் சத்தம் மட்டும்தான்.

'சென்ட்லெஸ் அப்ரெண்டிஸ்' 1993 டிசம்பர் 13-ல் சியாட்டிலின் பியர் 48 துறைமுகத்தில் எம்டிவிக்காகப் பதிவானது. 'அன்பிளக்ட்' முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். மெழுகுவத்திக்கு நடுவில் உட்கார்ந்து பாடிய அதே மனிதர், அதே தொலைக்காட்சிக்கு, நாலு வாரத்தில் தொண்டை கிழியக் கத்துகிறார். பாட்ரிக் சூஸ்கின்டின் 'பெர்ஃப்யூம்' நாவலைப் படித்துவிட்டு எழுதிய பாட்டு. முக்கிய ரிஃப் டேவ் கொண்டுவந்தது. பேண்டில் இரண்டாவது கிடாரிஸ்டாகச் சேர்ந்து சில மாதமே ஆன பாட் ஸ்மியரும் இருப்பதால் சத்தம் இன்னும் தடித்துப் போயிருக்கிறது. இந்த இரண்டு பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு, "அந்தக் கடைசி மாதங்களில் அவர் ஓய்ந்து போயிருந்தார்" என்று யாராவது சொன்னால் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. உடம்பும் மனசும் என்ன பாடு பட்டதோ, அந்த மேடையில் அவர் ஓயவில்லை. 1994 ஜனவரியில் சியாட்டில் சென்டர் அரீனாவில் வாசித்த 'மில்க் இட்'டும் அப்படித்தான். முணுமுணுப்பும் இடைவெளியுமாக நகர்ந்து, திடீரென்று வெடிக்கிற பாட்டு. இறப்பதற்கு மூன்று மாதம் முன்னால், சொந்த ஊர்க்காரர்கள் முன்னால் பாடியது.

இன்னொரு முனையில் இருப்பவை 1989-ன் அஸ்டோரியா பதிவுகள், 'பாலி'யும் 'ப்ரீட்'டும். இவற்றைச் சிலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டாதீர்கள். அன்று டிரம்ஸ் வாசித்தவர் டேவ் அல்ல, சாட் சானிங். டேவ் சேர்ந்தது 1990 செப்டம்பரில். அஸ்டோரியாவில் அன்று டாட், மட்ஹனி ஆகிய சியாட்டில் பேண்டுகளோடு ஒரே மேடை. யாருக்கும் பெரிதாகத் தெரியாத காலம். 'ப்ரீட்'டுக்கு அப்போது 'இமோடியம்' என்று பெயர், வயிற்றுப்போக்கு மாத்திரையின் பெயர். 'நெவர்மைண்ட்'டில் டேவின் அடியோடு இயந்திரத் துப்பாக்கிபோல ஆரம்பிக்கும் அந்தப் பாட்டு, இங்கே கொஞ்சம் தளர்வாக, உருண்டு உருண்டு வருகிறது. சாட் அடிப்பதில் கனம் குறைவு, துள்ளல் அதிகம். டேவ் வந்ததும் பேண்ட் உயர்ந்தது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் எதிலிருந்து உயர்ந்தது என்று தெரிய இந்த இரண்டு பாட்டும் வேண்டும். 'பாலி'யோ இங்கே மின்சாரக் கிடாரோடு, டிரம்ஸோடு வருகிறது. ஒற்றை அகூஸ்டிக் கிடாரோடு நாம் அறிந்த 'பாலி' அடுத்த வருடம், 1990 ஏப்ரலில், விஸ்கான்சினின் மேடிசனில் தயாரிப்பாளர் பட்ச் விக்கிடம் பதிவானது. அந்தப் பதிவுதான் 'நெவர்மைண்ட்'டிலும் போனது, அதில் கேட்கும் சிம்பல் சாட்டினுடையது. ஒரு பெண்ணைக் கடத்தியவனின் வாயால் பாடப்படும் பாட்டு அது. சத்தத்தைக் குறைத்தால்தான் பயம் கூடும் என்று அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முந்தைய வடிவத்தை இந்த ஆல்பத்தில் கேட்கலாம்.

ரோமில் 1991 நவம்பரில் வாசித்த 'ஸ்பேங்க் த்ரூ'வும் எனக்குப் பிடித்த தேர்வு. கர்ட்டின் ஆரம்பகாலப் பாட்டுகளில் ஒன்று. 'ஃபீக்கல் மேட்டர்' என்ற பெயரில் வீட்டில் பதிவு செய்த கேசட்டில் இருந்தது. அதைக் கேட்டுத்தான் கிறிஸ்ட் "நாம ஒரு பேண்ட் ஆரம்பிக்கலாம்" என்று முன்வந்தார். அதாவது நிர்வாணா உண்டானதற்கே காரணமான பாட்டு. 'ப்ளீச்', 'நெவர்மைண்ட்', 'இன் யூட்டரோ' என்ற மூன்று ஸ்டுடியோ ஆல்பங்கள் எதிலும் அது கிடையாது. தன் வாழ்க்கையை மாற்றிய பாட்டை, தான் தொகுத்த இந்த ஆல்பத்தில் கிறிஸ்ட் சேர்த்திருக்கிறார். அதைப் பற்றி ஆரவாரமாக எதுவும் சொல்லவும் இல்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'ட்ரெய்ன் யூ', 'டீன் ஸ்பிரிட்' இரண்டும் டெல் மார். 'ட்ரெய்ன் யூ' 'டீன் ஸ்பிரிட்'டுக்குக் குறைந்த பாட்டு இல்லை என்பது கர்ட்டின் சொந்த அபிப்பிராயம். ஸ்டுடியோவில் நடுப்பகுதியில் பொம்மைச் சத்தமெல்லாம் சேர்த்திருப்பார்கள், மேடையில் அந்த இடத்தைக் கிடாரின் ஃபீட்பேக் இரைச்சலே நிரப்புகிறது. 'டீன் ஸ்பிரிட்' சரியாக இருக்கிறது, அதற்கு மேல் இல்லை. 'பீன் எ சன்', 'லித்தியம்' பரடிசோ. மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் வாசித்த 'ஸ்லிவர்', தாத்தா பாட்டி வீட்டில் விட்டுப்போன குழந்தையின் அடம். 'ஹார்ட் ஷேப்ட் பாக்ஸ்' லாஸ் ஏஞ்சலஸ் அருகே, 1993 டிசம்பர் 30. 'நெகட்டிவ் க்ரீப்' சியாட்டில் பாரமவுண்ட், 1991 அக்டோபர் 31. 'டூரெட்ஸ்' இங்கிலாந்தின் 1992 ரெடிங் இசைத் திருவிழாவிலிருந்து, 'இன் யூட்டரோ' வருவதற்கு ஒரு வருடம் முன்னால். கடைசியில் மறுபடி பரடிசோ, 'ப்ளீச்' ஆல்பத்தின் முதல் பாட்டான 'ப்ளூ'. அது பேஸில் ஆரம்பிக்கிறது. முதல் ஆல்பத்தைத் திறந்த பாட்டு இந்த ஆல்பத்தை மூடுகிறது.

பாட்டுகள் காலவரிசையில் இல்லை என்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள். இது பற்றிப் பலருக்குக் குறை உண்டு. 1991-ல் ஆரம்பித்து, 1993-க்குப் போய், 1989-க்குத் திரும்பி, 1992, பிறகு மறுபடி 1991. எனக்கு இதுதான் ஆல்பத்தின் சிறந்த முடிவு. காலவரிசையில் அடுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1989-ல் தொடங்கி 1994 ஜனவரியில் முடியும். ஒவ்வொரு பாட்டும் ஏப்ரல் 5-ஐ நோக்கி ஒரு படி இறங்குவதாகக் கேட்கும். மறுபடியும் சாவு வீட்டுக்கதைதான். கலைத்துப் போட்டதால் அந்தப் படிக்கட்டே இல்லாமல் போனது. 'மில்க் இட்'டுக்குப் பிறகும் பாட்டு வருகிறது, பையன்கள் இன்னும் இளசாக இருக்கிறார்கள், இன்னும் கத்துகிறார்கள்.

கலைத்து ஒட்டுவது கர்ட்டுக்கு அந்நியமான வேலையும் இல்லை. 'லைவ்! டுநைட்! சோல்ட் அவுட்!!' என்ற கச்சேரி வீடியோத் தொகுப்பை அவரே தொடங்கி வேலை பார்த்து வந்தார். அவர் இறந்த பிறகு மற்றவர்கள் முடித்து 1994 நவம்பரில் வெளியிட்டார்கள். வெவ்வேறு ஊர், வெவ்வேறு இரவுக் காட்சிகளைக் கலந்து வெட்டி ஒட்டியதுதான் அதுவும்.

குறைகளும் உண்டு. ஒரு மேடையிலிருந்து இன்னொரு மேடைக்குத் தாவும்போது காது ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறது, அரங்கின் எதிரொலி மாறுகிறது, கூட்டத்தின் அளவு மாறுகிறது. ஒரு கச்சேரி மெல்லச் சூடேறி உச்சிக்குப் போவதை இதில் அனுபவிக்க முடியாது. 'இன் ப்ளூம்', 'கம் ஆஸ் யூ ஆர்', 'ஆல் அபாலஜீஸ்' மூன்றும் இல்லை. பாட்டுக்கு நடுவில் அவர்கள் பேசிக்கொள்ளும் கிண்டலும் சிடியில் அநேகமாக இல்லை. வினைல் வாங்கியவர்களுக்கு நான்காவது பக்கத்தில் அந்த மேடைப் பேச்சு மட்டும் தனியாகக் கிடைத்தது. கர்ட் சிரிக்கவும் சிரிக்க வைக்கவும் தெரிந்தவர் என்பதைக் காட்ட வந்த ஆல்பத்தில், அந்தப் பேச்சைப் பாட்டோடு சேர்த்தே வைத்திருக்கலாம் என்பது என் வருத்தம்.

இனி காசு விஷயம். ரெக்கார்ட் கம்பெனிக்கு லாபம் வந்தது, மறைக்க ஒன்றுமில்லை. வந்த வாரமே அமெரிக்காவில் முதலிடம். ஆனால் இறந்தவரின் பெயரில் வரும் எந்த வெளியீட்டையும் எடைபோட நான் கேட்பது இரண்டே கேள்வி. முடிவெடுத்தவர் யார்? இறந்தவர் முடிக்காமல் விட்டதை யாராவது கைவைத்து 'முடித்தார்களா'? இங்கே முடிவெடுத்தவர் கர்ட்டோடு பேண்டைத் தொடங்கியவர். பாடல்கள் ஆயிரக்கணக்கானோர் முன்னால் வாசித்து முடிந்தவை. அரைகுறை டெமோவுக்குப் புது டிரம்ஸ் சேர்த்து விற்கும் வழக்கம் வேறு, இது வேறு. பின்னால் நடந்ததையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 1997-ல் கிறிஸ்ட், டேவ், கர்ட்டின் மனைவி கோர்ட்னி லவ் மூவரும் சேர்ந்து உரிமைகளைக் கவனிக்க ஒரு நிறுவனம் அமைத்தார்கள். 2001-ல் அது வழக்காகி, பேண்ட் ஸ்டுடியோவில் கடைசியாகப் பதிவு செய்த 'யூ நோ யூ ஆர் ரைட்' பாட்டே 2002 வரை முடங்கிக் கிடந்தது. அந்தச் சண்டைகளெல்லாம் வருவதற்கு முன்னால் வந்தது 'விஷ்கா'.

முழுக் கச்சேரிகள் இருக்கும்போது இது எதற்கு என்பது கடைசிக் கேள்வி. நியாயமான கேள்வி, ஏனென்றால் 'விஷ்கா'வின் மூலக் கச்சேரிகளில் பெரும்பாலானவை இப்போது முழுசாகவே வந்துவிட்டன. ரெடிங் 2009-ல் வந்தது. பாரமவுண்ட் 2011-ல். பியர் 48 'லைவ் அண்ட் லவுட்' என்ற பெயரில் 2013-ல். 'நெவர்மைண்ட்'டின் 30-வது ஆண்டுப் பதிப்போடு 2021-ல் ஆம்ஸ்டர்டாமும் டெல் மாரும் வந்தன, மெல்போர்னும் டோக்கியோவும் கூடவே. 'இன் யூட்டரோ'வின் 30-வது ஆண்டுப் பதிப்பில், 2023-ல், லாஸ் ஏஞ்சலஸும் சியாட்டிலும். அந்த இரண்டுக்கும் மூலம், மேடையில் ஒலிக்கலவை மேசையிலிருந்து நேராக எடுத்த ஸ்டீரியோ டேப்புகள். அதிலிருந்து ஒலியை மீட்டுச் சீர்செய்தவர் ஜாக் எண்டினோ, 1989-ல் வந்த 'ப்ளீச்' ஆல்பத்தை 606 டாலர் செலவில் பதிவு செய்து கொடுத்த அதே மனிதர்.

இவற்றில் ரெடிங்கை நீங்கள் விடவே கூடாது. கர்ட்டுக்கு உடம்பு முடியவில்லை, பேண்ட் உடைந்துவிட்டது என்று அப்போது ஒரே வதந்தி. அவர் மருத்துவமனை அங்கியும் விக்கும் மாட்டிக்கொண்டு, பத்திரிகையாளர் எவரெட் ட்ரூ தள்ளிவர, சக்கர நாற்காலியில் மேடைக்கு வந்தார். எழுந்து நின்று ஒரு வரி பாடிவிட்டு மயங்கி விழுவதாக நடித்தார். பிறகு ஒன்றரை மணி நேரம் வெளுத்து வாங்கினார்கள். தாங்கள் மேடையில் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்று 'விஷ்கா'வில் கிறிஸ்ட் சொல்ல நினைத்ததற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

அப்படியென்றால் 'விஷ்கா' தேவையில்லையா? நான் தேவை என்பேன். முழுக் கச்சேரி நடந்ததை நடந்தபடி காட்டும். 'விஷ்கா' கூட இருந்தவரின் தேர்வு. நான்கு வருடக் கச்சேரிகளில் எந்த 'லித்தியம்', எந்த 'ப்ரீட்' என்று பேஸ் வாசித்தவரே உட்கார்ந்து பொறுக்கியது. அதை எந்த ஆவணப் பதிப்பும் தராது. சியாட்டில் பக்கம் பிறந்த கிரன்ஞ் ராக் வட்டத்திலேயே ஒப்பிட, சவுண்ட்கார்டனின் 'லைவ் ஃப்ரம் த ஆர்டிஸ்ட்ஸ் டென்' இருக்கிறது. அதன் பாடகர் கிறிஸ் கார்னெல் 2017-ல் இறந்த பிறகு 2019-ல் வந்தது. 2013 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் வில்டர்ன் அரங்கில் நடந்த ஒரே கச்சேரி, 29 பாட்டும் அப்படியே. அதை நான் மதிக்கிறேன், அடிக்கடி கேட்கவும் செய்கிறேன். ஆனால் அதில் யாரும் என்னிடம் எதையும் வாதாடவில்லை. 'விஷ்கா' வாதாடுகிறது. அது வந்த 1996-ல் அந்த வாதத்தை யாராவது செய்தே ஆக வேண்டியிருந்தது.

இப்படிக் கேளுங்கள். முதலில் 'விஷ்கா'வை ஒரே மூச்சில், பக்கத்து வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்ளும் உச்சச் சத்தத்தில், பாட்டு வரிகளைத் தேடிப் படிக்காமல். அடுத்த நாள் 2021 பதிப்பிலிருந்து டெல் மார் முழுசாக, 'அன்யூரிசம்' எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். பிறகு ரெடிங், அதை வீடியோவாக. அதற்குப் பிறகு 'அன்பிளக்ட்'டுக்குத் திரும்புங்கள், சிடியை விட 2007-ல் டிவிடியாக வந்த வெட்டாத வடிவம் நல்லது. அதில் கர்ட், பழைய ப்ளூஸ் பாடகர் லெட் பெல்லியின் கிடார் ஐந்து லட்சம் டாலருக்கு விலைக்கு வந்ததாகவும், தன் ரெக்கார்ட் கம்பெனி முதலாளி டேவிட் கெஃபனிடமே அதை வாங்கித் தரச் சொல்லிக் கேட்டதாகவும் சொல்லும் இடத்தில் அரங்கமே சிரிக்கும். இந்த வரிசையில் வந்தால் நீங்களும் சிரிப்பீர்கள்.